பேச்சு தெரியணும்

காரைக்குடி

எங்கள் வீட்டுப் பட்டாலையில் நின்று ஒருமுறை கைதட்டினால், அந்தச் சத்தம் எதிர்ச்சுவர் வரை போய்விட்டுத் திரும்பி வரும். நாங்கள் குடியிருப்பது பழைய செட்டிநாட்டு வீடொன்றின் ஒரு பகுதியில். கீழே ஆத்தங்குடிக் கல், சுவரில் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பளபளப்பு, தலைக்கு மேலே நல்ல உயரம். வெயில் காலத்துக்கு இதைவிடச் சுகமான வீடு கிடையாது. ஓசைக்கு மட்டும் பொல்லாத வீடு. மகனின் கம்ப்யூட்டரோடு வந்த சின்ன பிளாஸ்டிக் ஸ்பீக்கரில் படம் போட்டால் வசனமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூழாகிவிடும்.

வேறு ஸ்பீக்கர் வாங்குவது என்று முடிவானது. மகனுக்கு விளையாட, மகளுக்குப் பாட்டுக் கேட்க, எங்களுக்கு இரவில் படம் பார்க்க. மூன்றுக்கும் ஒன்றேதான், 3,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது.

என் அப்பா நாற்பது வருஷம் மைக் செட் வைத்திருந்தவர். அகுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்று, குழாய் நான்கு, ஒயர்ச் சுருள்கள், ஒரு மாட்டுவண்டி. பிறகு வேன். கோயில் திருவிழாவானாலும் கட்சிக் கூட்டமானாலும் குழாயைக் கட்டி முடித்ததும் என்னை மைக் முன்னால் உட்கார்த்தி ஒன்று இரண்டு சொல்லச் சொல்லிவிட்டு, அவர் கூட்டத்தின் கடைசிக்கு நடந்து போவார். அங்கே நான் சொல்வது தெளிவாகக் கேட்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து ஒருமுறை வீசுவார். கேட்காவிட்டால் திரும்பி வந்து குழாயைத் திருப்பிக் கட்டுவார். துண்டு ஆடும்வரை பாட்டுத் தட்டை எடுக்கவே விடமாட்டார். "முதல்ல பேச்சு தெரியணும்டா. பேச்சு தெரிஞ்சா பாட்டு தானா வரும்" என்பார்.

குளிர்காலத்தில் மும்பையில் இருக்கும் அக்கா வீட்டுக்கும், அங்கிருந்து டெல்லியில் ஒரு கல்யாணத்துக்கும் போகவேண்டியிருந்தது. வழியில் சென்னை. எலெக்ட்ரானிக்ஸ் சந்தைகளுக்குப் பேர்போன மூன்று ஊர்களும் ஒரே பயணத்தில் அமைந்தன. ஒரு பென் டிரைவில் மூன்று சங்கதிகளைப் போட்டுக்கொண்டேன்: வானொலிச் செய்தி ஒன்று, ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம், மகன் தன் ஆட்டத்திலிருந்து பதிந்து கொடுத்த இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் துப்பாக்கிச் சத்தத்தைவிட முக்கியமானது எதிரியின் காலடிச் சத்தம் என்று அவன் சொல்லி அனுப்பியிருந்தான்.

ரிச்சி தெரு

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதும் காது கூசும். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒரு ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துச் சந்துகளையும் சேர்த்துத்தான் சென்னைக்காரர்கள் ரிச்சி தெரு என்கிறார்கள். ரேடியோ உதிரிபாகக் காலத்திலிருந்து பழகிய இடம். மின்தடை, மின்தேக்கி என்று பள்ளியில் படித்தவை இங்கே ரெசிஸ்டர், கண்டென்சர் என்ற பெயரில் அரிசிபோல் அள்ளி எடுத்துக் கொடுக்கப்படுகின்றன.

"சார், இதோட பேஸைக் கேளுங்க, தரை அதிரும்" என்றான் கடைப்பையன். அதிர்ந்தது. செய்தியைப் போடச் சொன்னேன். வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. இது அந்தப் பெட்டியின் குறை மட்டுமல்ல. விலை குறைந்த 2.1 செட்டுகள் பலவற்றில் பணமெல்லாம் கீழே வைக்கும் வூஃபர் பெட்டிக்குப் போய்விடுகிறது. மேஜையில் வைக்கும் இரண்டு குட்டிப் பெட்டிகளில் இரண்டரை அங்குலத்துக்கும் சின்ன கோன்தான் இருக்கும். மனிதக் குரலின் அடிப்பகுதியை அதனால் பிடிக்க முடியாது, வூஃபராலும் தெளிவாகத் தர முடியாது. நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. நம் வசனம் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது.

அட்டைப்பெட்டிமேல் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் அச்சடித்திருந்தார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. கண்ணிமைக்கும் நேர உச்சத்தை அவரவர் விருப்பப்படி கணக்கிட்டுப் போடும் எண் அது. எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை அதற்குக் கிடையாது. நிற்காமல் எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். வாங்குகிறவர் பார்க்கவேண்டியது அந்த எண்ணை மட்டும்தான். யு.எஸ்.பி. 2.0 முனையிலிருந்து கரண்ட் எடுக்கும் ஸ்பீக்கர் என்றால் கணக்கு இன்னும் எளிது. 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக இரண்டரை வாட்ஸ். அதற்குமேல் உள்ளே எதுவும் நுழையாதபோது வெளியே எங்கிருந்து வரும்?

மாடியில் ஒரு சிறிய அறையில் பழுது பார்க்கும் பாய் ஒருவரிடம் கடைக்காரரே அனுப்பிவைத்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்துவிட்டு என் பென் டிரைவை வாங்கிக்கொண்டார். மிருதங்கத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். அதே பதிவை முதலில் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டார், பிறகு மரத்தூள் பலகைப் பெட்டியில். பிளாஸ்டிக்கில் வலந்தலை டிக் டிக்கென்று கேட்டது, இடந்தலையான தொப்பி காணாமல் போயிருந்தது. பலகையில் தொப்பியின் கும்காரம் வளைந்து ஏறுவது தெரிந்தது. பிளாஸ்டிக் பெட்டியின்மேல் என் கையை எடுத்து வைத்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. "பாருங்க தம்பி, கோன் மட்டும்தான் பாடணும். இதுல பெட்டியும் சேர்ந்து பாடுது."

அவர் மேஜை இழுப்பறையில் பழைய சவுண்ட் பிளாஸ்டர் கார்டு ஒன்று கிடந்தது. சிங்கப்பூரில் 1981இல் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் கொண்டுவந்த கார்டு வரிசை அது. அதற்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பல 'பீப்' மட்டும்தான் சொல்லும். அவற்றைப் பாட வைத்தவர்களில் முக்கியமானவர் அதன் நிறுவனர் சிம் வோங் ஹூ. 2023 ஜனவரியில் அவர் இறந்துபோனதை பாய் சொந்தக்காரர் சாவுபோலச் சொன்னார். கார்டு வேலை செய்யாது. அதைத் தூக்கிப் போடவும் அவருக்கு மனமில்லை.

இன்னொரு இழுப்பறையில் 4440 ஐ.சி.கள். கார் ஸ்டீரியோவுக்காக ஜப்பானின் சான்யோ செய்த எல்.ஏ.4440 அது. ஸ்டீரியோவாகப் பக்கத்துக்கு 6 வாட்ஸ், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் 19 வாட்ஸ். சான்யோ விட்ட பிறகும் நகல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நம் மினி பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் டீக்கடையிலும் இளையராஜாவைக் கேட்டு வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் அந்தச் சின்னக் கறுப்புத் துண்டின் வழியாகத்தான் கேட்டிருப்பார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

தெருமுனையில் சமோசாவும் டீயுமாக நின்றபோது, வாங்காமல் போகிறோமே என்று இருந்தது. அதே கிரியேட்டிவ் நிறுவனத்தின் பெபிள் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று மனதில் நின்றது. கூழாங்கல்போல் உருண்டை, இரண்டங்குல கோன், முகத்தை 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மேஜையில் வைத்தால் ஓசை நேராகக் காதுக்கு வரும். செய்தி பளிச்சென்று கேட்டது. தனி அறையில் மேஜை முன் உட்கார்ந்து கேட்கும் ஒருவருக்கு அதையே சொல்வேன். எங்கள் பட்டாலைக்கு அது போதாது.

லேமிங்டன் சாலை

மும்பையில் அக்கா வீடு மொத்தமே எங்கள் பட்டாலையில் பாதிதான். கட்டில், பீரோ, மெத்தை, துணிமூட்டை, நான்கு பேர். அந்த அறையில் கைதட்டினால் சத்தம் கையோடு முடிந்துவிடுகிறது. அக்கா மகன் சிறிய ஸ்பீக்கரில் படம் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை தாழ்ந்த ஒலியில் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. "சுவத்துக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை இருக்கு மாமா" என்றான். பக்கத்து வீட்டுக்காகச் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து, சின்னச் சத்தத்தில் தெளிவைத் தேடும் காது அந்த ஊருக்கு வந்திருக்கிறது.

கிராண்ட் ரோடு நிலையத்துக்கு அருகே ஒரு இரானி ஹோட்டலில் பன் மஸ்காவைச் சாயாவில் தோய்த்துத் தின்றுவிட்டு நடந்தோம். லேமிங்டன் சாலைக்கு இப்போது டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்று பெயர். கடைக்காரர்களுக்கு அது இன்றும் லேமிங்டன்தான். ரிச்சி தெருபோல் இங்கே பாட்டுப் போர் இல்லை. கடைகள் அமைதியாக இருக்கின்றன, கேட்டால்தான் போட்டுக் காட்டுகிறார்கள். போட்டுக் காட்டுவது பெரும்பாலும் படக்காட்சி. நான் நின்ற மூன்று கடைகளில் இரண்டில் வசனத்தைத்தான் முதலில் ஓடவிட்டார்கள். அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

இந்தச் சாலையில்தான் மினர்வா தியேட்டர் இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 'ஷோலே' இங்கே ஐந்து வருஷம் ஓடியது. 70 எம்.எம். திரை, ஸ்டீரியோ ஒலி. கட்டடம் இன்று இல்லை. இடத்தைக் காட்டிய கடைக்காரர், தன் அப்பா அந்தப் படத்தில் கதாநாயகன் சுண்டி எறியும் நாணயம் எந்தப் பக்கம் விழுந்தது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார் என்றார்.

ஸ்டீரியோவுக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு உண்டு. லண்டனில் ஈ.எம்.ஐ. பொறியாளராக இருந்த ஆலன் புளூம்லைன், தான் பின்னால் மணந்துகொண்ட பெண்ணோடு படம் பார்க்கப் போனபோது நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க குரல் வேறிடத்திலிருந்து வருவதைக் கவனித்து, இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. 1931 டிசம்பரில் அதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். திரையில் நடிகரைத் தேடிய அதே வழியில்தான் என் மகன் இன்று எதிரியின் காலடியைத் தேடுகிறான்.

அக்கா மகன் அங்கிருந்து சோர் பஜாருக்கு, மட்டன் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். கிராமபோன் குழல்கள், வால்வு ரேடியோக்கள், கப்பல் விளக்குகளுக்கு நடுவில் ஒரு கிழவர் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார். மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு உரிந்துபோன ஒரு ஜோடி. பின்னால் இருந்த பெயர்த்தகடு போய்விட்டிருந்தது. முன்துணியைக் கழற்றிக் காட்டினார். ஐந்தங்குலக் காகிதக் கோன், மேலே ஒரு சின்ன ட்வீட்டர். பழைய பெட்டியில் முதலில் பார்க்கவேண்டியது கோனைச் சுற்றியிருக்கும் விளிம்பை. அது நுரையாக இருந்தால் கடற்கரைக் காற்றில் சில வருஷத்தில் தொட்டாலே உதிர்ந்துவிடும். இதில் ரப்பர். நான்கு விரலால் மெதுவாக அழுத்தினேன். உரசாமல் உள்ளே போய் வந்தது.

கிழவர் சட்டைப்பையிலிருந்து ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, இரண்டு ஒயரால் ஒரு பெட்டியைத் தொட்டார். கோன் டப்பென்று வெளியே தள்ளியது. அடுத்த பெட்டியைத் தொட்டார். அது உள்ளே இழுத்தது. யாரோ உள்ளே ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்கள். இப்படியே பாடவிட்டால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், தொப்பியின் கும்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டுவிடும். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒயரைத் திருத்திப் பற்றவைத்து, மறுபடி பேட்டரியால் தொட்டுக் காட்டினார். 1,200 ரூபாய். பேரம் பேசினேன்தான், ஆனால் அந்த பேட்டரிச் சோதனைக்குப் பிறகு குறைத்துக் கேட்க வாய் வரவில்லை.

லஜ்பத் ராய் மார்க்கெட்

டெல்லிக் குளிரில் செங்கோட்டை பாதிவரைதான் தெரிந்தது. எதிர்ப்புறம் லஜ்பத் ராய் மார்க்கெட். அதை ஒட்டி பாகீரத் பேலஸ் என்னும் மின்சாமான் சந்தை. சர்தனாவை ஆண்ட பேகம் சம்ருவின் மாளிகையாக இருந்த கட்டடம் அது. பெரிய தூண்களுக்கு இடையில் இப்போது ஒயர்க் கட்டுகளும் விளக்குச் சரங்களும் தொங்குகின்றன. சாந்தினி சவுக் முனையில் ஒருவர் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கி சாட் விற்றுக்கொண்டிருந்தார். பாலை நுரையாகக் கடைந்து மேலே பிஸ்தா தூவியது. வாயில் வைத்ததும் இல்லாமல் போய்விடுகிறது. காரைக்குடி வெயிலில் இதைச் செய்யவே முடியாது என்பதை நினைத்தபடி இரண்டாவது இலையும் வாங்கினேன்.

மார்க்கெட்டுக்குள் ஆளுயரப் பெட்டிகள். கல்யாண மாதம். பஞ்சாபிப் பாட்டு ஒன்று நெஞ்செலும்பில் இடித்தது. தலைப்பாகை கட்டிய கடைக்காரர், பேஸ் காதில் கேட்டால் போதாது, மார்பில் படவேண்டும் என்று கையால் தட்டிக் காட்டினார். சென்னையில் பேஸ் என்றால் எனக்கு எரிச்சல் வந்தது. இங்கே வரவில்லை. கல்யாண வீட்டுக்குப் போன பிறகுதான் காரணம் பிடிபட்டது. கீழே கம்பளி விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரை, கட்டிலுக்குக் கட்டில் ரஜாய், ஆளுக்கு ஆள் ஸ்வெட்டர். பஞ்சும் கம்பளியும் மேல்ஸ்தாயியைத்தான் அதிகம் குடிக்கும், கீழ் ஓசையை அவ்வளவாக விழுங்காது. அந்த அறைகளில் பேச்சும் பாட்டும் இழைந்து, பதமாக, சூடாகக் கேட்கின்றன. எங்கள் வீட்டில் ஒரு துணிகூட இல்லாத சுவரில் அடித்து, மேல்ஸ்தாயி முழுக்கத் திரும்பி வருகிறது. ஸ்பீக்கரில் பாதியை வாங்குகிறோம், மீதிப் பாதி நாம் குடியிருக்கும் அறை.

எனக்கு வேண்டிய ஆம்ப்ளிஃபயர் போர்டு அங்கேதான் கிடைத்தது. உள்ளங்கையளவு. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.பி.ஏ.3116 சிப். கிளாஸ் டி வகை. 4440 பாதிக் கரண்டை வெப்பமாகவே விட்டுவிடும், அதற்கு முதுகில் அலுமினியத் தகடு வேண்டும். இது பெரும்பகுதியை ஓசையாகவே தருகிறது, சூடும் அவ்வளவாக ஏறுவதில்லை. தலைப்பாகைக்காரர் என் பெட்டிகளை இணைத்துச் செய்தியை ஓடவிட்டார். தமிழ் புரியாவிட்டாலும் தலையை ஆட்டினார். பிறகு பேஸ் திருகை முழுக்க ஏற்றினார். நான் பாதிக்கு இறக்கினேன். அவருக்கு அது சம்மதமில்லை என்று முகமே சொன்னது. 500 ரூபாய்.

நேரு பிளேஸ்

இங்கே காற்றே வேறு. அகலமான முற்றம், சுற்றிலும் அடுக்குமாடிகள், நடுவில் மென்பொருள் சிடி விற்ற காலம் போய், இன்று மொபைல் திரை மாற்றுகிறவர்கள். ராம் லட்டு என்று பாசிப்பருப்பு வடைக்குமேல் துருவிய முள்ளங்கியும் பச்சைச் சட்னியும் போட்டுத் தருகிறார்கள். நம் ஊர்ப் பருப்பு வடைக்கு முள்ளங்கி பொருந்தும் என்று இதுவரை தோன்றாமல் போனது ஆச்சரியம்.

சென்னையில் ஜெப்ரானிக்ஸ், மும்பையில் ஐபால், டெல்லியில் இன்டெக்ஸ். இந்த மூன்று பெயர்களும் அந்தந்த ஊரிலேயே 1996க்கும் 2001க்கும் இடையில் முளைத்தவை. வீட்டுக்கொரு கம்ப்யூட்டர் நுழைந்த அந்த வருஷங்களில் நம் நடுத்தரக் குடும்பங்களின் மேஜையில் ஏறிய ஸ்பீக்கர்களில் கணிசமானவை இந்தப் பெயர்களைத் தாங்கியவைதான். கள்ளிக்கோட்டையிலும் கயாவிலும் ஒரு பையன் தன் முதல் எம்.பி.3யைக் கேட்டது அவற்றில்தான் என்றால் அவற்றைச் சந்தைக் கணக்காக மட்டும் நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் அம்மாவோடு வந்திருந்த பையன், நீளமான சவுண்ட் பாரும் வேண்டும், அது ப்ளூடூத்திலும் இயங்கவேண்டும் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தான். கடையிலிருந்த இளைஞர் பொறுமைசாலி. அவனையே உட்காரவைத்து ஆடவிட்டார். துப்பாக்கி விசையை அழுத்திச் சற்றுப் பிந்தித்தான் வெடிச்சத்தம் வந்தது. சாதாரண ப்ளூடூத்தில் நொடியில் ஐந்தில் ஒரு பங்குவரை தாமதமாகலாம். படம் பார்க்கும்போது கருவியே அதை ஈடுகட்டிக்கொள்ளும், ஆட்டத்தில் முடியாது. பிறகு ஒயரை மாட்டி, இரண்டு தனிப் பெட்டிகளை அவன் தலைக்கு இரண்டு பக்கமும் சம தூரத்தில் வைத்தார். பையன் திடீரென்று இடப்பக்கம் கழுத்தைத் திருப்பினான். அங்கே யாரும் இல்லை. திரைக்குள்தான் யாரோ வந்திருந்தார்கள். அம்மா சிரித்துவிட்டார்கள்.

அங்கேயே 19 வோல்ட் பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்றை 350க்கு வாங்கினேன். போர்டுக்கு அது போதும்.

மறுபடி காரைக்குடி

முதல் நாள் மேஜையைச் சுவரோடு ஒட்டிப்போட்டு, பெட்டிகளை அதன் இரு மூலையிலும் தள்ளி வைத்தோம். லஜ்பத் ராய் மார்க்கெட்டில் கேட்ட தெளிவு எங்கே போனதென்று தெரியவில்லை. மகள் பாட்டைப் போட்டாள், வீடு முழுக்கக் கும்மென்று நிறைந்தது, சொல் ஒன்றும் நிற்கவில்லை. சுவரோரம் எதுவானாலும் கீழ் ஓசையைப் பெருக்கிக் காட்டும். அதற்குமேல் எங்கள் சுவர்.

மறுநாள் மேஜையைச் சுவரிலிருந்து இரண்டடி இழுத்தோம். கல்யாணத்துக்கு விரிக்கும் பவானி ஜமுக்காளங்களைப் பரணிலிருந்து இறக்கி, ஒன்றைத் தரையில் விரித்து, இரண்டை எதிர்ச்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டோம். பெட்டிகளுக்கு அடியில் செங்கல் வைத்து, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி உயர்த்தினோம். இரண்டு பெட்டிக்கும் உட்காரும் நாற்காலிக்கும் நடுவே கயிறு பிடித்து மூன்று பக்கமும் சமமாக்கினான் மகன். பட்டாலையில் கைதட்டினேன். சத்தம் போனது, முன்போல் திரும்பி வரவில்லை.

ஆட்டத்தில் அவனுக்குக் காலடிச் சத்தம் முதுகுப்பக்கம் கேட்கிறதா என்று கேட்டேன். இரண்டு பெட்டியில் முன்னும் பின்னும் பிரித்தறிவது சிரமம்தான், இடம் வலம் மட்டும் கத்திபோல் தெரிகிறது என்றான். மிருதங்கத்தை நானே போட்டுக் கேட்டேன். தொப்பி இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து அப்பா எழுந்து வந்தார். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். பெட்டிகளைத் தடவிப் பார்த்தார், ஒயரைத் தொட்டுப் பார்த்தார், அடாப்டரைக் கையில் எடுத்து இது எத்தனை வோல்ட் என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பட்டாலையின் கடைசிக்கு நடக்கத் தொடங்கினார். மகனுக்குப் புரியவில்லை. நான் செய்தியைப் போட்டேன்.

தூணோரம் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி முழுச் செய்தியையும் கேட்டார். திரும்பினார். துண்டு தோளில்தான் கிடந்தது.

"இடது பக்கத்த ஒரு விரக்கடை முன்னால தள்ளு" என்றார்.